பர்ப்பிள் பென்னில் ஓரியன்டியரிங் கோர்ஸ் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக் காட்டில் குறித்த இடங்களைத் தேடி ஓடும் விளையாட்டுதான் ஓரியன்டியரிங். அதில் சில போட்டிகள் ஓடி முடித்தவர்களிடம் கிளப்பில் இருந்து ஒரு கேள்வி வந்தே தீரும்: "அடுத்த நிகழ்ச்சிக்கு நீங்களே கோர்ஸ் போடுறீங்களா?" கோர்ஸ் என்றால் ஓடுபவர்கள் வரிசையாகப் போய்ச் சேர வேண்டிய இடங்களை வரைபடத்தில் குறித்த ஓட்டம். சரி என்று தலையாட்டியவர்களுக்காக எழுதியது இது. வரைபடமும் திசைகாட்டியும் வைத்து ஓடத் தெரியும், ஆனால் மென்பொருளைத் திறந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களை மனதில் வைத்துக்கொண்டேன்.

எடுத்துக்காட்டுக்கு எப்பிங் ஃபாரஸ்ட். லண்டனின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் பழைய காடு. இல்ஃபோர்டு, வால்தம்ஸ்டோ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போகும் இடமும் அதுதான். உங்கள் காடு வேறாக இருந்தாலும் வேலை முறை மாறாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மென்பொருளைத் திறந்ததும் கை தானாக வட்டங்களை வைக்கத் தொடங்கும். ஒவ்வொரு வட்டமும் ஒரு கண்ட்ரோல், அதாவது ஓடுபவர் தேடிப் போக வேண்டிய, கொடி தொங்கும் இடம். இங்கே ஒரு பாறை, அங்கே ஒரு குழி, அப்புறம் எல்லாவற்றையும் கோட்டால் இணைத்தால் கோர்ஸ் ரெடி. கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுப் பிறகு கோடு இழுக்கிற வழி இது. கோலத்துக்குச் சரி, இங்கே சரிவராது. ஓடுபவருக்குச் சுவாரசியம் தருவது கண்ட்ரோல் அல்ல, இரண்டு கண்ட்ரோல்களுக்கு நடுவே உள்ள பயணம். அந்தத் துண்டைத்தான் லெக் என்கிறோம். நல்ல லெக்கை முதலில் கண்டுபிடியுங்கள். அதன் இரண்டு முனைகளிலும் கண்ட்ரோல் வைக்க இடம் தேடுங்கள். இந்த வரிசை மாறினால் எந்த மென்பொருளாலும் கோர்ஸைக் காப்பாற்ற முடியாது.

எந்த மென்பொருள்

மூன்று பெயர்கள் அடிக்கடி காதில் விழும். சுவிட்சர்லாந்தின் ஓகேட், வரைபடம் வரைவதில் தொடங்கி கோர்ஸ் போடுவது வரை எல்லாம் செய்யும், கட்டணம் உண்டு. டென்மார்க்கின் கோண்டெஸ், கோர்ஸ் போடுவதற்கென்றே எழுதப்பட்டது, அதற்கும் கட்டணம். பீட்டர் கோல்டே எழுதிய பர்ப்பிள் பென் இலவசம், விண்டோஸில் ஓடும், கிளப் நிகழ்ச்சிக்குத் தேவையான அனைத்தும் அதில் இருக்கிறது. வரைபடத்தையே நீங்கள்தான் வரைய வேண்டும் என்றால் ஓப்பன்ஓரியன்டியரிங் மேப்பர் இருக்கிறது, அதுவும் இலவசம். லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும்.

முதல் முறை செய்பவர் பர்ப்பிள் பென்னையே எடுத்துக்கொள்ளலாம். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பட்டன்கள் குறைவு, அதனால் கவனம் காட்டின் மேல் இருக்கும்.

கணினிக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

அனுமதி. எப்பிங் ஃபாரஸ்ட் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லண்டன் மாநகரக் கார்ப்பரேஷனின் பொறுப்பில் இருக்கிறது. எந்தப் பகுதியில், எந்தத் தேதியில், சுமார் எத்தனை பேர் என்று அவர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். போகக் கூடாத இடங்கள் எவை என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். லௌட்டன் கேம்ப், ஆம்பிரஸ்பரி பேங்க்ஸ் இரண்டும் இரும்புக் கால மண்கோட்டைகள், சட்டப் பாதுகாப்பு உள்ளவை. வரைபடத்தில் அந்த மண்மேடுகள் பழுப்புக் கோடுகளாக அவ்வளவு அழகாகத் தெரியும், கண்ட்ரோல் வைக்கக் கை துறுதுறுக்கும். நூற்றுக்கணக்கான ஷூக்கள் அதன் மேல் ஏறி இறங்குவதை யாரும் விரும்ப மாட்டார்கள். விட்டுவிடுங்கள்.

வரைபடம். கிளப்பில் ஓகேட் கோப்பாகவே இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்; பி.டி.எஃப் கொடுத்தாலும் வேலை நடக்கும். எந்த ஆண்டு திருத்தியது என்று பாருங்கள். காட்டில் பாதைகள் நிலையானவை அல்ல. மலைச் சைக்கிள்காரர்கள் ஒரே பருவத்தில் புதுப் பாதை போட்டுவிடுவார்கள், பழையதைப் புல் மூடிவிடும்.

யாருக்கு என்ன கோர்ஸ். பிரிட்டனில் நிறத்தை வைத்துச் சொல்வார்கள். ஒயிட் கோர்ஸ் சின்னப் பிள்ளைகளுக்கு: முழுக்கப் பாதை வழியே, திரும்ப வேண்டிய ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கண்ட்ரோல். யெல்லோவில் பாதை, ஓடை, வேலி என்று ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டே போகலாம். ஆரஞ்சில் முதல் முறையாகப் பாதையை விட்டு வெட்டிக்கொண்டு போகும் வாய்ப்பு வரும், ஆனால் தவறினாலும் மோதி நிறுத்த ஒரு பெரிய பாதையோ ஓடையோ பின்னால் இருக்க வேண்டும். லைட் கிரீன், கிரீன், புளூ, பிரவுன் எல்லாம் அதற்கு மேல். முதல் முறை என்றால் ஒயிட், ஆரஞ்சு, இன்னொரு கடினமான கோர்ஸ், இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கோப்பைத் தொடங்குவது

பர்ப்பிள் பென்னில் ஃபைல், நியூ ஈவென்ட் என்று போனால் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். நிகழ்ச்சியின் பெயர், வரைபடக் கோப்பு, அச்சு அளவுவிகிதம், கோப்பை எங்கே சேமிப்பது. சில இடங்களில் மட்டும் நின்று யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

ஒன்று, அளவுவிகிதம். காட்டு வரைபடத்தின் அடிப்படை 1:15000. கிளப் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் 1:10000-க்குப் பெரிதாக்கி அச்சிடுவார்கள், கண்ணுக்கு வசதி. ஓகேட் கோப்பு என்றால் அதன் விகிதத்தை மென்பொருளே படித்துக்கொள்ளும். பி.டி.எஃப் அல்லது படக்கோப்பு என்றால் நீங்கள் சொல்வதை அப்படியே நம்பும். தவறாகச் சொன்னால் கோர்ஸ் நீளம் எல்லாமே தப்பாக வரும், எந்த எச்சரிக்கையும் வராது. தெரிந்த ஒரு நீளத்தை, உதாரணமாக ஒரு நேர்ச்சாலையை, வேறு வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு, கண்ட்ரோல் எண். 31-இல் இருந்து தொடங்கச் சொல்லும், அப்படியே விடுங்கள், அதுதான் விதி. தலைகீழாகப் படித்தால் வேறு எண்ணாகத் தெரியும் 66, 68, 86, 89 போன்றவற்றைத் தவிர்க்கும் தேர்வையும் போட்டுவிடுங்கள். மரத்தடியில் கிடக்கும், அந்த எண் எழுதிய பெட்டியை (ஓடுபவர் வந்ததைப் பதிவு செய்யும் கருவி அது) ஓடுபவர் எந்தப் பக்கத்தில் இருந்து பார்ப்பார் என்று யாருக்குத் தெரியும்.

மூன்று, தரநிலை. காடு என்றால் ஐசாம் (ஓரியன்டியரிங் வரைபடங்களுக்கான சர்வதேசத் தரநிலை), ஊருக்குள்ளோ பூங்காவிலோ ஸ்பிரிண்ட் எனும் குறுகிய ஓட்டம் என்றால் அதற்குரிய தரநிலை. வட்டத்தின் அளவும் கோட்டின் தடிமனும் இதைப் பொறுத்தே வரும்.

சேமிக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பர்ப்பிள் பென் கோப்புக்குள் வரைபடம் இருக்காது, அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். யாருக்காவது அனுப்பும்போது இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

லெக் தேடும் வேலை

இங்கேதான் நேரம் போக வேண்டும். கோர்ஸ் எதுவும் சேர்க்காமல், வரைபடத்தைக் காகிதத்தில் அச்சிட்டு பென்சிலோடு உட்காருங்கள். ஆம், காகிதத்தில். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது காட்டின் முழு உருவம் கண்ணுக்குப் பிடிபடாது.

நல்ல லெக் என்றால் என்ன? ஓடுபவர் ஒரு நொடி நின்று வரைபடத்தைப் பார்த்து, இடப்பக்கமா வலப்பக்கமா என்று தீர்மானிக்க வேண்டி இருந்தால் அது நல்ல லெக். நேராகப் போனால் ஒரு பள்ளம் இறங்கி ஏற வேண்டும். இடது பக்கப் பாதையில் சுற்றினால் தூரம் கூடும், ஆனால் வேகமாக ஓடலாம். வலது பக்கம் ஓடையோடு போனால் கண்ட்ரோலை எளிதாகப் பிடிக்கலாம். இப்படி மூன்று வழியும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுத்தால் முடிந்த பிறகு டீ குடித்துக்கொண்டே அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். கோர்ஸ் போட்டவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

எப்பிங்கில் பெரிய உயர வேறுபாடு இல்லை, பாதைகளோ ஏராளம். நேரான நீண்ட லெக் போட்டால் எல்லோரும் பாதையில் ஓடிவிடுவார்கள், வரைபடம் படிக்கவே தேவை இருக்காது. அதனால் பாதைகளுக்குக் குறுக்கே போகும்படி லெக்கைச் சாய்த்து வையுங்கள். சிற்றோடைப் பள்ளங்கள் பின்னிக் கிடக்கும் பகுதியில் குட்டி லெக்குகளாகப் போட்டுத் திசையை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு ஒரு நீண்ட லெக். ஓட்டத்தின் வேகம் இப்படி மாறிக்கொண்டே இருந்தால்தான் கோர்ஸுக்கு உயிர் வரும்.

கடினமான கோர்ஸில் நல்ல லெக் மூன்று கிடைத்தால் போதும். மற்ற கண்ட்ரோல்கள் எல்லாம் ஒரு நல்ல லெக்கில் இருந்து அடுத்ததற்குக் கொண்டுபோய் விடுவதற்குத்தான். இதைப் புரிந்துகொண்டால் கண்ட்ரோல் எண்ணிக்கை தானாகக் குறையும், கொடி தூக்கும் வேலையும் குறையும்.

டாக்லெக் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ட்ரோலுக்குப் போன வழியிலேயே திரும்பி வருவதுதான் அது. முன்னால் வந்தவர் எதிரே ஓடி வருவதைப் பார்த்ததும் பின்னால் வருபவருக்குக் கண்ட்ரோல் இருக்கும் இடம் தெரிந்துவிடும். இரண்டு லெக்குகளுக்கு நடுவே கோணம் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கோணம் விரிந்திருந்தாலும் பாதைகள் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கலாம், அதையும் பாருங்கள். மருந்து எளிது: நூறு மீட்டர் தள்ளி இன்னொரு கண்ட்ரோல் வைத்து வெளியேறும் திசையை மாற்றிவிடுவது.

திரையில் வரைவது

இப்போது மென்பொருளுக்கு வரலாம். ஆட் கோர்ஸ் என்று ஒவ்வொரு கோர்ஸையும் பெயர் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட் முக்கோணம், கண்ட்ரோல் வட்டங்கள், ஃபினிஷ் என்று வரிசையாகப் பொத்தானை அழுத்தி வரைபடத்தில் சொடுக்கினால் கோடுகள் தானாக இணையும். ஒரு கோர்ஸில் வைத்த கண்ட்ரோலின் மேல் இன்னொரு கோர்ஸில் சொடுக்கினால் அதே எண்ணோடு சேர்ந்துகொள்ளும். மேலே உள்ள ஆல் கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கலாம்.

வட்டத்தின் மையம் அந்தப் பொருளின் மேல் சரியாக உட்கார வேண்டும். பாறையின் வடபக்கம் கொடி தொங்கினாலும் வட்டத்தின் மையம் பாறைதான்; வடபக்கம் என்பதை விவரக் குறிப்பு சொல்லும். 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒவ்வொன்றையும் பார்த்து நகர்த்துங்கள்.

1:15000-இல் வட்டம் 5 மி.மீ., 1:10000-இல் 7.5 மி.மீ. இரண்டுமே தரையில் 75 மீட்டர் அகலம். அந்த வட்டத்துக்குள் எத்தனை குழி, எத்தனை பாதைச் சந்திப்பு என்று எண்ணிப் பாருங்கள். ஒரே மாதிரி ஐந்து குழிகள் இருந்தால் அந்த இடம் கண்ட்ரோலுக்கு ஆகாது. இரண்டு கண்ட்ரோல்கள் காட்டில் 30 மீட்டருக்குள் வரக் கூடாது. ஒரே வகைப் பொருள் என்றால் 60 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வெவ்வேறு கோர்ஸின் கண்ட்ரோல்களுக்கும் இது பொருந்தும், பெரும்பாலும் அங்கேதான் இடிக்கும்.

எப்பிங்கில் மரத்தைக் கண்ட்ரோலாக வைக்காதீர்கள். அங்கே முன்காலத்தில் விறகுக்காகத் தலை வெட்டி வெட்டி விட்ட பீச், ஹார்ன்பீம் மரங்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. 1878-க்குப் பிறகு வெட்டுவது நின்றதும் ஒவ்வொன்றும் பூதம் போல் கிளை விரித்து வளர்ந்துவிட்டன. எல்லாமே தனித்துத் தெரியும் மரம் என்றால் எதுவுமே தனித்துத் தெரியாது.

விவரக் குறிப்பு

இடப்பக்கம் கட்டம் கட்டமாகத் தெரிவது கண்ட்ரோல் விவரம். ஏ முதல் எச் வரை எட்டுக் கட்டங்கள். வரிசை எண், கண்ட்ரோல் எண், ஒரே மாதிரிப் பொருள்களில் எது, என்ன பொருள், அதன் தோற்றம், அளவு, கொடி எந்தப் பக்கம், மற்ற தகவல். கட்டத்தைச் சொடுக்கினால் குறியீடுகள் விரியும், தேர்ந்தெடுக்கலாம். ஒயிட், யெல்லோ ஓடும் பிள்ளைகளுக்குக் குறியீட்டோடு வார்த்தையும் சேர்த்து வரும்படி கோர்ஸ் அமைப்பில் மாற்றிவிடுங்கள்.

குறிப்பு எழுதும்போது தடுமாறினால் பெரும்பாலும் இடம்தான் தவறு. "பள்ளத்தின் மேல்முனையா, அகழியின் முடிவா" என்று உங்களுக்கே குழப்பம் என்றால் ஓடி வருபவருக்கு என்ன தெரியும்? வேறு இடம் பாருங்கள்.

நீளம், ஏற்றம், நேரம்

நீளத்தை மென்பொருளே கணக்கிடும், நேர்க்கோட்டில். ஏரியோ தாண்ட முடியாத வேலியோ நடுவில் இருந்தால் ஆட் பெண்ட் போட்டுக் கோட்டை வளைத்துவிடுங்கள், நீளமும் சரியாகும். கன்னாட் வாட்டர் ஏரிக்குக் குறுக்கே நேர்க்கோடு போட்டுவிட்டு நீளம் இவ்வளவு என்று சொன்னால் யாரும் நீந்தப் போவதில்லை.

ஏற்றத்தைப் பர்ப்பிள் பென்னில் நீங்கள்தான் எண்ணி எழுத வேண்டும். சிறந்த வழியென்று நீங்கள் நினைப்பதில் மேலே ஏறும் சமஉயரக் கோடுகளை மட்டும் எண்ணி, கோட்டு இடைவெளியால் பெருக்கினால் போதும். இறக்கத்தைக் கழிக்கக் கூடாது. மொத்த ஏற்றம் நீளத்தில் 4 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது வழக்கம். நேரம் கணிக்க, 100 மீட்டர் ஏற்றத்தை 1 கி.மீ. சமதரையாக எடுத்துக்கொள்ளலாம்: 4 கி.மீ. கோர்ஸில் 80 மீட்டர் ஏற்றம் என்றால் 4.8 கி.மீ. ஓடுவது போல. போன ஆண்டு அதே காட்டில் அதே நிறக் கோர்ஸ் ஓடியவர்களின் நேரத்தோடு ஒப்பிட்டால் கணக்கு ஓரளவு கையில் வந்துவிடும்.

காட்டுக்குப் போவது

திரையில் எல்லாம் கச்சிதமாகத் தெரியும்போது மாற்ற மனம் வராது, அதனால் அதற்கு முன்பே போங்கள். ஒவ்வொரு கண்ட்ரோல் இடத்திலும் எண் எழுதிய சின்ன டேப் ஒன்று கட்டிவிட்டு வர வேண்டும். வரைபடத்தில் உள்ளதும் தரையில் உள்ளதும் ஒன்றுதானா, பொருள் தெரிகிறதா, அந்த இடத்துக்கு வருபவர் எந்தப் பக்கம் இருந்து வருவார், கொடியை எங்கே தொங்கவிடலாம் என்று பார்த்துக்கொண்டே போங்கள். கொடியை ஒளித்து வைப்பது கோர்ஸைக் கடினமாக்காது, அதிர்ஷ்டப் போட்டி ஆக்கிவிடும். பொருளைப் பார்த்துவிட்டால் கொடியும் தெரிய வேண்டும்.

குளிர்காலத்தில் பார்த்த காடு கோடையில் வேறு. முள்கொடியும் பெரணியும் இடுப்பளவு வளர்ந்துவிடும். வரைபடத்தில் வெள்ளையாக, அதாவது நன்றாக ஓடலாம் என்று காட்டும் இடத்தில்கூட ஓட முடியாது. நிகழ்ச்சி ஜூனில் என்றால் பிப்ரவரி நினைவை நம்பாதீர்கள். இலையுதிர் காலத்தில் இன்னொரு தொல்லை, சின்னப் பாதைகளைச் சருகு மூடிவிடும். ஒயிட் கோர்ஸைப் பெரிய பாதைகளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சாலைகள். எப்பிங் நியூ ரோடு காட்டின் நடுவே போகிறது, வண்டிகள் வேகமாக வரும். பிள்ளைகளின் கோர்ஸ் அதைத் தொடவே கூடாது. பெரியவர்களுக்கும் அதைத் தாண்டும் கோர்ஸ் தேவையா என்று இரண்டு முறை யோசியுங்கள். தாண்டியே ஆக வேண்டும் என்றால் ஒரே இடத்தில் கட்டாயக் கடக்குமிடம் குறித்து ஆள் நிறுத்த வேண்டும்.

பிரிட்டனில் கோர்ஸ் போடுபவருக்கு மேல் கண்ட்ரோலர் என்று ஒருவர் இருப்பார். உங்கள் டேப் ஒவ்வொன்றையும் அவர் தனியாகப் போய்ச் சரிபார்ப்பார். அவர் சொல்வது சில நேரம் எரிச்சலாக இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள், அவர் அந்த இடத்துக்குப் புதியவராக வருகிறார், நீங்கள் அப்படி இல்லை.

அச்சுக்கு முன் செப்பனிடுதல்

மென்பொருள் வைத்த இடத்திலேயே எல்லாவற்றையும் விட்டுவிடுவது புதியவர்களின் வழக்கம். ஊதாக் கோடு கீழே இருக்கும் பாதைச் சந்திப்பை மறைத்தால் ஆட் கேப் போட்டு அந்த இடத்தில் கோட்டையோ வட்டத்தையோ வெட்டிவிடுங்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண் பாறையின் மேல் விழுந்தால் இழுத்து நகர்த்துங்கள். கஸ்டமைஸ் கோர்ஸ் அப்பியரன்ஸ் என்ற இடத்தில் ஊதா நிறம் வரைபடத்தோடு கலந்து தெரியும்படி வைத்தால் அடியில் உள்ள கருப்புக் கோடுகள் மறையாது. போகக் கூடாத பகுதிகளுக்கு ஊதாக் கட்டம் போட மறக்காதீர்கள்.

அப்புறம் ரிப்போர்ட்ஸ். ஈவென்ட் ஆடிட் என்பதைக் கட்டாயம் ஓட்டுங்கள்: குறிப்பு விடுபட்ட கண்ட்ரோல், எந்தக் கோர்ஸிலும் இல்லாத கண்ட்ரோல், நெருக்கமாக இருக்கும் ஜோடிகள் எல்லாம் பட்டியலாக வரும். கண்ட்ரோல் அண்ட் லெக் லோடில் ஒரே கண்ட்ரோலுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியும்.

பி.டி.எஃப் எடுத்து அச்சகத்துக்குக் கொடுக்கும்போது "பக்கத்துக்கு ஏற்றவாறு" என்ற தேர்வை அணைக்கச் சொல்லுங்கள், 100 சதவீதம் மட்டுமே. முதல் தாள் வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்: 1:10000-இல் 1 கி.மீ. சரியாக 10 செ.மீ. மழை நாட்டில் சாதாரணத் தாள் பத்து நிமிடத்தில் கூழாகிவிடும், நனையாத தாளில் அச்சிடுங்கள் அல்லது பிளாஸ்டிக் உறை கொடுங்கள்.

நேரம் பதிவு செய்யும் மென்பொருளுக்கு ஐ.ஓ.எஃப் (சர்வதேச ஓரியன்டியரிங் கூட்டமைப்பு) எக்ஸ்.எம்.எல் 3.0 வடிவில் ஏற்றுமதி செய்து அனுப்புங்கள். கையால் எண்களைத் தட்டச்சு செய்து கொடுக்காதீர்கள். அனுப்பிய பிறகு ஒரு கண்ட்ரோலை மாற்றினாலும் மீண்டும் ஏற்றுமதி, மீண்டும் அச்சு. இரண்டில் ஒன்று பழையதாக இருந்தால் சரியாக ஓடியவரைக் கணினி தகுதி நீக்கிவிடும்.

நாளன்று

கொடி வைக்கப் போகும்போது ஆல் கண்ட்ரோல்ஸ் வரைபடம் ஒன்று, கண்ட்ரோல் கிராஸ் ரெஃபரன்ஸ் பட்டியல் ஒன்று கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் டேப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். முதல் ஆள் கிளம்பும் முன் ஒருவர் எல்லாக் கண்ட்ரோலையும் சுற்றி வந்து பெட்டி வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுவது வழக்கம்.

முடிந்ததும் கொடிகளை எடுக்க அதே வரைபடத்தை நான்கைந்து பகுதிகளாகப் பேனாவால் பிரித்து, ஓடி முடித்தவர்களிடமே ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஃபினிஷ் பக்கத்தில் இருப்பவற்றைக் கடைசிக்கு விடுங்கள். இன்னும் ஒருவர் காட்டுக்குள் இருக்கிறார் என்றால் அவருடைய கோர்ஸின் மிச்சக் கண்ட்ரோல்களைத் தொடக் கூடாது, அதற்காகத்தான் எந்தக் கண்ட்ரோல் எந்தக் கோர்ஸில் என்ற பட்டியலைக் கையிலேயே வைத்திருக்கச் சொன்னது.